பொம்மைப்பெட்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு சொந்தபந்தங்களுக்கும், முகம் பார்க்காமலே உதவிய தூரத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

கேரம் கிளப்பில் நடக்கிற 'ரெட்டுக்கு ஃபாலோ' இணைய காமிக்ஸின் முதல் பாகம் நல்லபடியாக முடிந்தது. படித்தவர்கள் எல்லாரும் "நீயா வரைஞ்சே?" என்று கேட்கிறார்கள். எனக்கு ஸ்கேல் வைத்தாலும் கோடு நேராக வராது. கதை, வசனம் என்னுடையது. அதைக் கட்டம் கட்டமாகப் படமாக்குவது பைத்தான் என்கிற நிரல்மொழியில் நானே எழுதிய ஒரு மென்பொருள். அம்மா அதற்கு வைத்த பேர் பொம்மைப்பெட்டி. 'ரோஸி, கோபம்: ரெட்டைத் தொடாதே!' என்று ஒரு வரி டைப் அடித்தால், ரோஸியின் தலை, உடம்பு, கை, கோபத்துக்கான புருவம், வாய் எல்லாவற்றையும் எடுத்துக் கோத்து, வசன பலூனையும் மாட்டி, 800 பிக்ஸல் அகலத்தில் ஒரு கட்டம் கொடுக்கும். தோல்பாவைக்கு மூட்டு வைக்கிற மாதிரி தோளிலும் முழங்கையிலும் ஒரு புள்ளி உண்டு. கை அங்கே திரும்பும்.

ஏஐ போட்ட படமா என்றும் சிலர் கேட்டார்கள். இல்லை. பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு மூக்கையும் வரைந்தவர் யார் என்று எனக்குத் தெரியும். தெருமுனைக்குப் போய் அவரைக் கூப்பிடவும் முடியும்.

அவர் எங்கள் ஆர்ட்டிஸ்ட் அண்ணன். கடை போர்டும் சுவர் விளம்பரமும் எழுதிக்கொண்டிருந்தவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பை வாரிக்கொண்டு போய்விட்டது. நான் கேட்டதும், பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நேராக பிரஷ்ஷிலேயே வரைய ஆரம்பித்தார்; பென்சிலைத் தொடவே இல்லை. ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து, இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் ட்ரேஸ் கொடுத்தால், பிரஷ் அழுந்தின இடம் தடிமனாகவும் தூக்கின இடம் மெலிசாகவும் அப்படியே வருகிறது. மௌஸை வைத்துக்கொண்டு ஒரு மாசம் மல்லாடினாலும் அந்தக் கோடு வராது.

கைதான் பெரிய வேலை வாங்கியது. கதையே கேரம் கிளப்பில் நடக்கிறது. பெட்டியில் முதலில் இருந்ததோ பொதுவாக ஒரு கை. கிளப் பசங்களிடம் காட்டினேன். ஒருத்தன் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ஸ்ட்ரைக்கர் அடிக்கிற கையா, மூக்குப்பொடி போடற கையா?" என்றான். அன்று சாயங்காலமே ஆர்ட்டிஸ்ட் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் போர்டு பக்கத்தில் உட்கார வைத்தேன். கட்டைவிரலால் தள்ளுகிறவன், நடுவிரலால் சுண்டுகிறவன், ஆள்காட்டி விரலை நடுவிரல் மேல் ஏற்றி வழுக்கிவிடுகிறவன் என்று ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கை. விரல் நுனியில் ஒட்டின போரிக் பவுடரைக்கூட அண்ணன் விடவில்லை. அம்புக்குறிக் கோட்டை முழங்கை தாண்டக் கூடாது என்று பசங்கள் சொன்னதால், அந்த விதியை மென்பொருளிலேயே போட்டுவிட்டேன். இப்போது ரோஸி நினைத்தாலும் ஃபவுல் ஆட முடியாது!

ரோஸி ஏன் பெண் என்று கேட்டவர்களுக்கு: 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் நம்ம வடசென்னைப் பொண்ணு காசிமா மூன்று தங்கம் வென்று வந்தார். அதற்குப் பிறகு எங்கள் தெரு போர்டில் பவுடர் போடவே பெண் பிள்ளைகள் இடம் கொடுப்பதில்லை. காசிமாவுக்கும் நன்றி, அவருக்கு என்னைத் தெரியாது, பரவாயில்லை.

விசைப்படகுக்குப் போகிற மச்சானுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். வலை பின்னுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் எனக்கு மாடலாக நின்றார். அதைவிடப் பெரிய உதவி, விரிசல் விட்ட தன் போனில் ஒவ்வொரு கட்டத்தையும் படித்துப் பார்த்து, "எழுத்தைப் பெரிசா போடு மச்சான், கண்ணாடி தேட வைக்காதே" என்று விடாமல் சொன்னதுதான்.

காசிமேட்டில் மீன் விற்கிற அத்தைக்குத் தனியாக ஒரு கும்பிடு. விடியற்காலை ஏலத்துக்குப் போய் வந்த அலுப்போடு வசனத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. "இன்னாடா இது, ஆளாளுக்கு கஸ்மாலம் கஸ்மாலம்னு கத்திக்கினு கீறாங்க? நம்ம வூட்ல யாருடா அப்டி பேசறா? சினிமாவுல பாத்து எழுதுனியா?" அதோடு அரிவாளும் போனது, கஸ்மாலமும் போனது. வடசென்னை என்றாலே வெட்டுக்குத்து என்று காட்டிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நாம் வேறு எதற்கு?

இனி தூரத்து நண்பர்கள். தமிழைப் பலூனுக்குள் அடைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. 'காசிமேடு' நமக்கு நாலு எழுத்து. கணினி அதை எட்டாக எண்ணும், துணைக்கால், கொம்பு, விசிறி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால். அந்தக் கணக்கில் வரியை மடித்தால் 'மே' பிளந்து, அடுத்த வரியில் இரட்டைக் கொம்பு மட்டும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஓப்பன்-தமிழ் என்கிற பைத்தான் நிரல் நூலகம் தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பிரித்துத் தருகிறது. முத்து அண்ணாமலைக்கும் கூட உழைத்தவர்களுக்கும் நன்றி. 'கொ', 'போ' எல்லாம் கொம்பு இடம் மாறி வந்ததற்கு மருந்து, படம் செய்கிற பில்லோ நூலகத்தோடு ராக்ம் என்ற துணை நூலகத்தைச் சேர்ப்பது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கிற வேலையை அதற்குள் இருக்கிற ஹார்ஃப்பஸ் பார்த்துக்கொள்கிறது. பலூனுக்குள் கையெழுத்து மாதிரி சாய்ந்து நிற்பது தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் எழுத்துரு, காசு வாங்காமல் கொடுத்தது. பைத்தானைத் தமிழில் சொல்லிக்கொடுத்த கணியம் இணைய இதழின் கட்டுரைகளுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

முதலில் பேசுகிறவர் பலூன் மேலேயும் இடப்பக்கமும் இருக்க வேண்டும் என்கிற கணக்கை எனக்குச் சொன்னது 1996-ல் வந்த மைக்ரோசாஃப்ட் காமிக் சாட். அரட்டை அடித்தால் தானாகவே காமிக்ஸ் ஆக்கும் மென்பொருள் அது. அதை உருவாக்கிய டேவிட் கர்லாண்டரும் கூட்டாளிகளும் அதன் கணக்கு வழக்கை ஒளிக்காமல் கட்டுரையாக எழுதி வைத்தார்கள். பொம்மைகளை வரைந்தவர் ஜிம் வுட்ரிங். அங்கேயும் பாருங்கள், கை ஓர் ஓவியருடையது.

ஸ்கேனுக்குப் பாதிக் காசுதான் வாங்கின ஜெராக்ஸ் கடை அக்கா, மின்சாரம் போனபோதெல்லாம் இன்வர்ட்டர் பிளக் கொடுத்த மாடிவீட்டு ஐயா, ஜன்னல் வழியாக வந்து விழுந்த பஜ்ஜி, எல்லாவற்றுக்கும் நன்றி.

கிளப்பில் வரைந்த கைகளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் காமிக்ஸில் வைத்துக்கொள்ளலாம். ஆர்ட்டிஸ்ட் அண்ணன் சம்மதித்துவிட்டார். போர்டில் போடுகிற மாதிரியே மூலையில் தன் பேரை எழுதியிருக்கிறார். அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். தனியாகப் பேர் போடுகிறவர்கள் கொஞ்சம் கொட்டை எழுத்தில் போட்டால் சந்தோஷப்படுவாராம்.