பொலின் மைதானம்: ஊர் நண்பருக்கு ஒரு கடிதம்

ஈஸ்ட்ஹாம், லண்டன்

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் சுகமாக இருப்பதும், இளைய மகளுக்கு ஆசிரிய நியமனம் கிடைத்திருப்பதும் அறிந்து பெரிதும் மகிழ்ந்தோம். இங்கும் யாவரும் நலம். எனது முழங்கால் மட்டும் குளிர் தொடங்கியதும் தன் முறைப்பாட்டை ஆரம்பித்துவிட்டது.

நம் ஊர் விளையாட்டுக் கழகம் பழைய மைதானத்தை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே ஓட்டப்பாதையுடன் அமையவிருக்கும் பொது மைதானத்துக்குப் போவதா என்று நிர்வாகசபை இரண்டுபட்டு நிற்பதாக எழுதியிருந்தீர். லண்டனில் இப்படி ஏதும் நடந்ததுண்டா என்றும் கேட்டிருந்தீர். நடந்தது, அதுவும் நான் குடியிருக்கும் பகுதியின் உதைபந்தாட்டக் கழகமான வெஸ்ட் ஹாம் யுனைட்டட்டுக்கே நடந்தது. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியும்.

லீ ஆறு தேம்ஸில் கலக்கும் இடத்தில் இயங்கிய தேம்ஸ் அயன்வேர்க்ஸ் என்னும் கப்பல் கட்டும் நிறுவனத்தின் தொழிலாளர்களுக்காக 1895ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது இக்கழகம். நிறுவனத்தின் தலைவர் ஆர்னல்ட் ஹில்ஸ் மதுவைத் தொடாதவர். தொழிலாளி உடலைப் பேண வேண்டும் என்பதில் பிடிவாதம் கொண்டவர். விக்டோரியா மகாராணியின் வைரவிழா ஆண்டான 1897இல் அவர் பிளாஸ்டோ பகுதியில் மெமோரியல் கிரவுண்ட்ஸ் என்ற பெரிய மைதானத்தை அமைத்துக் கொடுத்தார். ஓட்டப்பாதை, துவிச்சக்கரவண்டிப் பாதை, டென்னிஸ் திடல்கள், நீச்சல் குளம் என்று எல்லாமே அங்கு இருந்தன. ஆனால் உதைபந்தாட்டம் பார்க்க வந்தவனுக்கும் பந்துக்கும் இடையில் அந்தப் பாதைகள் கிடந்தன. எதிர்பார்த்த கூட்டமும் சேரவில்லை. 1900இல் வெஸ்ட் ஹாம் யுனைட்டட் என்று பெயர் மாறித் தனி நிறுவனமான கழகம், ஹில்ஸுடன் உறவு கசந்ததால் 1904இல் அந்த இடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. உம்முடைய நிர்வாகசபை இந்தப் பகுதியை இருமுறை வாசிக்க வேண்டும்.

அவர்கள் சென்று சேர்ந்த இடம் அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ட்ரீட்டை ஒட்டியிருந்த காணி. அங்கிருந்த பழைய மாளிகையைச் சனங்கள் பொலின் கோட்டை என்றார்கள்; அதனால் மைதானத்துக்கும் பொலின் மைதானம் என்று பெயர் வந்தது. எட்டாம் ஹென்றி மன்னனின் மனைவியான ஆன் பொலின் அரசி அங்கே தங்கினாள் என்பது ஊர்க்கதை. அதற்குச் சான்று எதுவும் இல்லை. அப்போது கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பிலிருந்த அக்காணியைக் கழகம் வாடகைக்கு எடுத்தது. 1904 செப்டெம்பரில் நடந்த முதல் ஆட்டத்தில் மில்வோல் அணியை மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள்.

தேவாலயம், பள்ளிக்கூடம், வரிசை வீடுகள் ஆகியவற்றுக்கு இடையில் அகப்பட்ட காணியாதலால், அரங்கைத் தள்ளிக் கட்ட இடம் இருக்கவில்லை. அந்த நெருக்கமே அதன் பலமாயிற்று. கிழக்குப் பக்கத்தில் மரத்தாலும் தகரத்தாலும் அமைந்த, ‘சிக்கன் ரன்’ என்று அழைக்கப்பட்ட நின்று பார்க்கும் கொட்டகையில் நின்றவர்கள், எல்லைக் கோட்டில் பந்தை எறிய வரும் எதிரணி வீரனின் காதுக்குள்ளேயே ஏசுவார்கள் என்பார்கள். அது 1960களின் இறுதியில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் எழுந்த கிழக்கரங்கில் நானும் அமர்ந்திருக்கிறேன். பந்தை எறியப் பின்வாங்கிய ஆட்டக்காரரின் சட்டைப் பின்புறத்தில் ஒட்டியிருந்த ஈரப்புல்லைக்கூடக் காண முடிந்தது. 1944 ஓகஸ்டில் ஜேர்மனியரின் வி-1 பறக்கும் குண்டு தென்மேற்கு மூலையில் விழுந்ததால், சில மாதங்கள் வெளியிடங்களிலேயே ஆட வேண்டியதாயிற்று. திரும்பி வந்து செப்பனிட்டு ஆடிய அதே இடத்தில்தான் 1970 ஒக்டோபரில் டொட்டன்ஹாமுடனான ஆட்டத்துக்கு 42,322 பேர் திரண்டார்கள். இக்கழகத்தின் அணித்தலைவரும் 1966இல் இங்கிலாந்துக்கு உலகக் கிண்ணத்தை வென்று தந்த தலைவருமான பொபி மூர் வளர்ந்ததும் இந்த மண்ணில்தான்.

1989இல் ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் 97 பேர் உயிரிழந்த பின், பெரிய கழகங்கள் யாவும் நிற்கும் இடங்களை நீக்கி இருக்கைகள் அமைக்கக் கட்டாயப்படுத்தப்பட்டன. அந்தச் செலவுக்காக, பருவம் முழுவதற்குமான பருவச்சீட்டை வாங்கும் உரிமைக்கே ரசிகர்கள் நூற்றுக்கணக்கான பவுண் கட்ட வேண்டும் என்று கழகம் ஒரு பத்திரத் திட்டத்தைக் கொண்டுவர, சனங்கள் கொதித்து ஆடுகளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். இறைப்பவனிடமே தண்ணீர்க்கூலி கேட்டால் வேறென்ன நடக்கும்? எப்படியோ 1993இல் பொபி மூர் அரங்கும், 1995இல் வடக்கரங்கும், 2001இல் மேற்கரங்கும் எழுந்தன. மேற்கரங்கின் வாசலில் இரண்டு கோட்டைக் கோபுரங்களைக் கட்டினார்கள். உண்மையான மாளிகையை 1955இல் இடித்துவிட்டு, அதன் நினைவாகப் போலிக் கோபுரம் கட்டியதை எண்ணி நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

2016 மே 10ஆம் திகதி அங்கே கடைசி ஆட்டம். மான்செஸ்டர் யுனைட்டட் அணியின் பஸ் கிறீன் ஸ்ட்ரீட் சனத்துக்குள் அகப்பட்டு, போத்தல்களும் வீசப்பட்டதால் ஆட்டம் முக்கால் மணித்தியாலம் தாமதமானது. வின்ஸ்டன் ரீட் தலையால் அடித்த கோலுடன் மூன்றுக்கு இரண்டு என்று வென்று விடைபெற்றார்கள். இப்போது அவ்விடத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட அடுக்குமாடிகள் நிற்கின்றன. நாம் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கும் குவீன்ஸ் மார்க்கெட் அப்படியே இருக்கிறது. ஆட்ட நாட்களில் சாப்பாட்டுக் கடைகளுக்கும் மதுச்சாலைகளுக்கும் வந்து குவிந்த வியாபாரம்தான் போய்விட்டது.

கழகம் சென்ற இடம் ஸ்ட்ராட்பேர்டில் 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட அரங்கு. அது பொதுச்சொத்து, கழகம் 99 ஆண்டுக் குத்தகைக்காரர் மட்டுமே. ஓட்டப்பாதையை மூடி, கீழ்த்தட்டு இருக்கைகளை முன்னே நகர்த்தினாலும் தூரம் குறைந்தபாடில்லை. அந்த இருக்கைகளை மெய்வல்லுநர் போட்டிக்காகப் பின்னிழுத்து மீண்டும் பொருத்துவதற்கே மில்லியன் கணக்கில் செலவாகிறது. ஆர்னல்ட் ஹில்ஸின் பாதைகளை விட்டு ஓடிவந்தவர்கள், 112 ஆண்டுகளுக்குப் பின் தாமாகவே ஒரு பாதைக்குள் போய்ச் சேர்ந்தார்கள். 2018 மார்ச்சில் பேர்ன்லி அணியுடனான ஆட்டத்தின்போது ரசிகர்கள் மறுபடியும் களத்தில் இறங்கியதற்கு இந்த ஆற்றாமையும் ஒரு காரணம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இப்போது அறுபதினாயிரத்துக்கும் அதிகமானோர் பார்க்கலாம். முதல் ஆண்டில் சிறுவருக்கான பருவச்சீட்டை 99 பவுணுக்குக் கொடுத்தார்கள். அப்டன் பார்க்கில் அது நினைத்தும் பார்க்க முடியாதது. 2022இல் ஸ்பெயினின் செவில்லா அணியை வென்ற இரவில் அந்த அரங்கு அதிர்ந்ததையும் மறுக்க மாட்டேன்.

எனவே, நண்பரே, போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய காணியின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாரும். கழகத்தின் பெயரில் இருந்தால், புதிய இடம் முற்றாக முடியும்வரை அதைக் கைவிட வேண்டாம். புதிய மைதானத்தில் எந்த நாளில் ஆடலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார், புல்லைப் பராமரிப்பவர் யார் என்பவற்றை எழுத்தில் வாங்கும். எல்லைக் கோட்டுக்கும் முதல் இருக்கைக்கும் இடையிலுள்ள தூரத்தை வரைபடத்தை நம்பாமல், இளைஞர்கள் இருவரை நாடாவுடன் அனுப்பி அளக்கச் சொல்லும். அந்த அளவையும் வரைபடத்தின் பிரதியையும் எனக்கு அனுப்பினால், அடுத்த கூட்டத்துக்கு முன் என் கருத்தை எழுதி அனுப்புகிறேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைத் தெரிவியும்.

என்றும் அன்புடன்,
உமது பள்ளித் தோழன்