கலாவுக்கு, முத்தியால்பேட்டையிலிருந்து

அன்புள்ள கலா,

போனில் பேசினால் பாதியிலேயே நேரம் போய்விடுகிறது, அதனால் நிதானமாக எழுதுகிறேன். என் தொட்டியில் இருக்கும் ஆக்சலாட்டில் (பல்லி மாதிரி உருவம், தவளைக்குச் சொந்தம், தண்ணீருக்குள்ளேயே வாழுமே, அந்தப் பிராணிதான்) முட்டை போட்டு, பதினெட்டாம் நாள் பொரிந்து, குஞ்சுகளுக்கு இன்றோடு நாற்பது நாள்! மொத்தம் 300 முட்டைக்கு மேல் இருக்கும்டி. அத்தனையையும் வளர்க்க யாரால் முடியும், 40 மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பொரித்துவிட்டுப் பட்டினி போடுவதைவிட இது மேல்.

குஞ்சுகள் அசையாத எதையும் தொடாது. தினமும் கல்லுப்புத் தண்ணீரில் ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் முட்டையைப் போட்டு, ஏர் பம்ப் வைத்துப் பொரிக்கிறேன். நம் ஊர் வெக்கை அதற்கு மட்டும் நல்லது, ஒரே நாளில் பொரிந்துவிடும். காலையில் சொட்டு சொட்டாக விடுவேன். கண்ணாடி மாதிரி உடம்பு, தின்னத் தின்ன வயிறு மட்டும் ஆரஞ்சு நிறமாக உப்பிக்கொண்டு வரும், அதைப் பார்த்துக்கொண்டே என் காப்பி ஆறிப்போகும். தவளைக்குப் பின்கால்தானே முதலில் வரும், இதற்கு முன்கால். அந்தச் சமயத்தில் பசி தாங்காமல் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும், திரும்ப முளைக்கும் என்றாலும் எனக்குப் பொறுக்கவில்லை, இப்போது தனித்தனி டப்பாவில்தான் இருக்கின்றன.

உன் பாரீசுக்கும் இதற்கும் சொந்தம் உண்டு, தெரியுமா? 1864ல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலாட்டில்கள் அங்கேதான் வந்து இறங்கின. துமேரில் என்ற பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் அதில் ஆறை வாங்கி வளர்த்து அடுத்த வருடமே குஞ்சு எடுத்தார். இன்றைக்குத் தொட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவைதான். ஆனால் பூர்வீகம் சோச்சிமில்கோ ஏரி, கிட்டத்தட்ட ஊட்டி உயரம். குளிர்ந்த தண்ணீர்தான் அதற்கு உயிர்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கடலூரில் உன் அக்கா மகன் ஒரு ஜோடி கேட்டிருந்தானே. இப்போதைக்குக் கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. போன மே மாதம் நான் வெளியே போயிருந்த நேரத்தில் கரண்ட் போய் நாலு மணி நேரம் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் 28 டிகிரி, பெட்டை மேலே மேலே வந்து காற்றை விழுங்குகிறது, இறகு மாதிரி விரிந்திருக்கும் செவுள்கள் முன்னால் சுருண்டு கிடக்கின்றன. ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சூட்டை இறக்கினேன். ஒன்பது நாள் அது எதையும் தின்னவில்லை. அந்தத் தவிப்பு இன்னொரு உயிருக்கு வேண்டாம்.

அவன் முதலில் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லரும் இன்வெர்ட்டரும் வாங்கட்டும். காலித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, சித்திரை வைகாசி முழுக்கத் தெர்மாமீட்டரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும். 20 டிகிரியைத் தாண்டாமல் நின்றால் ஆனியில் அவனே வந்து இரண்டைப் பொறுக்கிக்கொள்ளட்டும், அவனுக்கென்று இரண்டு டப்பாவில் பெயர் எழுதி வைக்கிறேன்.

அன்புடன்,
தேன்மொழி