தாடிக்குக் காரணம் வேண்டுதல் இல்லை

பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கம்மாவிடம் நீ பேசியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "அப்பா என்கிட்ட பேசுறதே இல்ல, ரெண்டு வார்த்தை பேசிட்டு போனை உன் கையில குடுத்துடுறாரு, நான் என்ன தப்பு பண்ணேன்" என்று கேட்டாய். நீ ஒரு தப்பும் பண்ணவில்லை கண்ணு. எனக்குப் பேசினால் வலிக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுதானை உனக்குச் சொல்லாமல் மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன், இப்போது போனில் சொல்லலாம் என்றால் நாலாவது வாக்கியத்திலேயே முகம் கோணிவிடும், அதனால் எழுதுகிறேன். உங்கம்மா வேண்டாம் என்கிறாள், மெல்போர்னில் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் தனியாகக் கவலைப்படுவாள் என்கிறாள். இருக்கட்டும். கோபித்துக்கொண்டு அழுவதற்குக் கவலைப்பட்டே அழலாம்.

2022 பங்குனியில் ஒரு நாள் காலை முகம் கழுவும்போது வலது பக்கம் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் சுரீர் என்று ஒரு அடி. டிப்போவில் நான் வயரிங் பார்த்த பஸ்ஸில் 24 வோல்ட்தான், அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. இது வீட்டு மெயினில் கை வைத்த மாதிரி. ஒரு விநாடிதான், போய்விட்டது. மறுநாள் பல் தேய்க்கும்போது திரும்ப வந்தது. ஒரு மாதத்தில், சாப்பிட்டால், கொட்டாவி விட்டால், ஃபேன் காற்று கன்னத்தில் பட்டால், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. ஆனால் ராத்திரி தூங்கிவிட்டால் வராது, அது ஒன்றுதான் அது எனக்குச் செய்த தயவு.

மேல் கடைவாய்ப் பக்கம் என்பதால் பல் என்றுதான் நினைத்தேன். பல் டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். ஒரு பல்லைப் பிடுங்கினார். என்ன ஆச்சரியம், வலி நின்றுவிட்டது! நாலு மாதம் வரவே இல்லை, நானும் அவரைத் தெரு முழுக்கப் புகழ்ந்தேன். இந்த நோயின் குணமே அதுதான், மாதக்கணக்கில் தானாகவே அடங்கிக் கிடக்கும், அப்புறம் கிளம்பும். அந்த நேரத்தில் யார் என்ன வைத்தியம் செய்திருந்தாலும் பேர் அவருக்குப் போய்விடும். திரும்ப வந்தபோது இன்னொரு இடத்தில் இன்னொரு பல்லைக் கொடுத்தேன். அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

மூன்றாவதாக ஒருவரிடம் போனேன். சின்ன கிளினிக், கூட்டமே இல்லை. அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார், "பல்லுல ஒண்ணும் இல்லைங்க, நான் பிடுங்க மாட்டேன், இது நரம்பு சமாச்சாரமா இருக்கலாம், பெரிய இடத்துல காட்டுங்க" என்றார். ஃபீஸ்கூட வாங்கவில்லை. நான் வெளியே வந்து உங்கம்மாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா, "இவனுக்குத் தொழில் தெரியல, அதான் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்." முப்பத்தோரு வருஷம் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். ஹெட்லைட் எரியவில்லை என்றால் பல்பை மட்டும் மாற்றிவிட்டுப் போகிற பையன்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன், வயரைப் பாருடா என்று. என் வாயில் ரெண்டு நல்ல பல்பைக் கழற்றிப் போட்ட பிறகும் எனக்கு அது உறைக்கவில்லை. வயரைப் பார் என்று சொன்ன ஒரே ஆளைத்தான் தொழில் தெரியாதவன் என்றேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் மெடிக்கல் ஷாப் மாத்திரைதான். சாதாரண வலி மாத்திரை இதைத் தொடவே தொடாது, வயிற்றைத்தான் புண்ணாக்கும், ஆக்கியது. நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வேப்பிலைக் கொத்தை முகத்தில் தடவினார் பார், நான் அலறிய அலறலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். "பாருங்க, உள்ள இருக்கறது பேசுது" என்றார் மந்திரிக்கிறவர். சிரிக்காதே, அன்றைக்கு நானும் பாதி நம்பினேன்.

நீ வந்தது அந்தச் சமயத்தில்தான், 2024 மே மாதம். தாடியைப் பார்த்துவிட்டு "திருப்பதி வேண்டுதலாப்பா" என்று கேட்டாய், ஆமாம் என்று தலையாட்டினேன். ரேசர் வைத்தால் உயிர் போகும், அதனால் வளர்த்தது. ஜன்னல் சீட்டில் உட்காராமல் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேனே, உள்ளே அடிக்கிற காற்றுக்குப் பயந்து. பஸ்ஸிலேயே வாழ்ந்தவனுக்கு ஜன்னல் ஆகாமல் போனதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் நீங்கள் கிளம்புகிற அன்று குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு வலது கன்னத்தில் முத்தம் கொடுக்க வந்தாள், நான் அவளைத் தள்ளிவிட்டேன். தள்ளினேன் என்றுதான் நீ பார்த்தாய், உன் முகம் மாறியதை நானும் பார்த்தேன். அவள் உதடு தாடியில் பட்டதுமே அடித்துவிட்டது பாப்பா, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு நிமிஷம், அவளைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து இறக்கிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளை காரில் பெட்டியை ஏற்றிவிட்டார். பேசாமல் கிளம்பினீர்கள். ஒரு வருஷமாக ராத்திரி படுத்தால் அந்தக் காட்சிதான்.

அந்த ஆகஸ்டில் உங்கம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்க அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அவளைப் பரிசோதித்துக்கொண்டிருந்த டாக்டர் பெண்ணுக்கு உன்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். துணைக்கு நின்றிருந்த எனக்கு அந்த நேரம் பார்த்து அடித்தது. நான் பேச்சை நிறுத்தி அப்படியே உறைந்து போனேன், கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோய்த் தொடாமல் அரை அங்குலம் முன்னால் நிறுத்தினேன். அதை அந்தப் பெண் கவனித்துவிட்டது. "ஐயா, ஷேவ் பண்ணா வருதா? அதான் தாடியா?" என்று கேட்டது. மூன்று வைத்தியர், ஒரு மந்திரவாதி, யாரும் கேட்காத கேள்வி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியால் இல்லை. ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முகத்து நரம்பு வலி என்று சீட்டில் எழுதி, நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பியது.

அப்புறம்தான் நம் வேலூர் சி.எம்.சி., கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இந்தியாவில் முதல் முதலாக நரம்பு அறுவைச் சிகிச்சைக்கென்று தனித் துறையை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பித்தது அங்கேதான். சத்துவாச்சாரியில் நம் வீட்டிலிருந்து டவுன் பஸ் தூரம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதை நம் கதை. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள், சுற்றுவட்டாரத்து லாட்ஜ் போர்டெல்லாம் வங்காள மொழியில் எழுதியிருக்கிறது, நான் உள்ளூரில் இருந்துகொண்டு கூட்டம் என்று போகாமல் இருந்தேன். காத்திருக்கும் இடத்தில் ஒரு வங்காளக்காரர், என் வயதுதான், கன்னத்தில் துண்டைச் சுற்றியிருந்தார், தாடியும் இருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்திகூட வராது. அவர் ஷேவ் செய்கிற மாதிரி கையைக் காட்டி, அப்புறம் விரலை உதறி ஷாக் அடிக்கிற மாதிரி காட்டினார். நான் வாயைத் திறந்து பல் போன ஓட்டை ரெண்டையும் காட்டினேன். அவர் மூன்று காட்டினார். ரெண்டு பேரும் சிரித்தோம், சிரித்ததில் ரெண்டு பேருக்கும் அடித்தது, கன்னத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இந்த நோய் வந்த பிறகு நான் தனியாக இல்லை என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

டாக்டர் பேப்பரில் படம் போட்டுச் சொன்னார். முகத்தின் உணர்ச்சிக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு நரம்பு, மூன்று கிளை, நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கும் மேல் தாடைக்கும் ஒன்று, கீழ்த் தாடைக்கு ஒன்று. எனக்கு நடுக்கிளை. மூளையின் அடியில் அந்த நரம்பு கிளம்புகிற இடத்தில் ஒரு ரத்தக்குழாய் மேலே சாய்ந்து துடித்துத் துடித்து உரசியிருக்கிறது, நரம்பின் மேலுறை தேய்ந்துவிட்டது. நான் சொன்னேன், "சார், கிளாம்ப் விட்டுப்போய் ஏர் பைப் ஒயர் மேல உரசி இன்சுலேஷன் போயிடுச்சு, அதான் ஷார்ட்." அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதைவிட நல்லா நான் யாருக்கும் சொன்னதில்லை" என்றார். அதற்கென்றே மெல்லிய துண்டு துண்டாக எடுக்கிற எம்.ஆர்.ஐ.யில் அந்தக் குழாய் தெரிந்தது. அதற்கு முன்னால் வேறு இடத்தில் எடுத்த சாதா ஸ்கேனில் மூளை நார்மல் என்றுதான் எழுதியிருந்தார்கள். எந்தப் பல்லும் எந்தக் காலத்திலும் குற்றவாளி இல்லை. வருஷத்துக்கு லட்சம் பேரில் நாலு முதல் பதின்மூன்று பேருக்குத்தான் இது புதிதாக வருமாம், அப்படியென்றால் தெருமுனை டாக்டர் வாழ்நாளில் நாலைந்து பேரைப் பார்த்திருந்தால் அதிகம். அதனால் முதல் ரெண்டு பேர் மேல் எனக்கு இப்போது கோபம் குறைந்துவிட்டது. முழுசாகப் போகவில்லை.

மாத்திரை கார்பமாஸிபைன், வலிப்புக்குக் கொடுப்பது. 100 மில்லிகிராம் காலையும் ராத்திரியும் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினார்கள். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே ஓடி வா என்றார்கள், மற்றபடி நீயாக ஒரு நாளும் சட்டென்று நிறுத்தாதே என்றார்கள். நாலாம் நாள் நான் சட்னியைத் தொட்டு இட்லியை மென்று சாப்பிட்டேன். உங்கம்மா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவரை களிதான் என் சாப்பாடு, களியை மெல்லக் கூடாது விழுங்கணும் என்று பாட்டி சொல்லும் இல்லையா, அந்தச் சட்டம் இந்த நோய்க்கென்றே போட்டது போல. கூட இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயைக் குழைய வேகவைத்து.

டோஸ் ஏறியபோது தலைசுற்றல், தள்ளாட்டம். தாடியும் தள்ளாட்டமுமாகக் கடைத்தெருவில் நடந்தால் ஜனம் என்ன நினைக்கும்? பழைய டிரைவர் ஒருத்தர் உங்கம்மாவிடமே வந்து, அண்ணன் ரிடையர் ஆனதும் ஆரம்பிச்சிட்டாரா என்று துக்கம் விசாரித்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் உப்புச் சத்தான சோடியம் 126, குறைந்தது 135 இருக்க வேண்டும். இந்த மாத்திரை சோடியத்தை இறக்குமாம். டோஸைக் குறைத்து, கூட இன்னொன்றைச் சேர்த்தார்கள், இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன்.

நீ உடனே நெட்டில் தேடி சென்னையில் பெரிய டாக்டர் யார் என்று லிஸ்ட் அனுப்புவாய், தெரியும். அனுப்பு, பார்க்கிறேன். ஆனால் எந்த டாக்டரிடம் போனாலும் நான் இப்போது ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறேன். டிப்போ ஜாப் கார்டு மாதிரி ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு அடித்தது, என்ன செய்யும்போது, எத்தனை விநாடி, அன்றைக்கு எத்தனை மாத்திரை. அதை வாங்கி முழுசாகப் படிக்கிறவரிடம்தான் திரும்பப் போவேன், புரட்டிக்கூடப் பார்க்காமல் எழுத ஆரம்பிக்கிறவரை அதோடு விட்டுவிடுவேன். வலியைப் பற்றி மட்டும் எழுதவில்லை, வாழ்வதே வெறுத்துப்போன நாட்களையும் எழுதியிருந்தேன், உங்கம்மாவுக்குத் தெரியாது, டாக்டர் அந்தப் பக்கத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசினார். இப்போது அந்த மாதிரி எழுத வேண்டியிருப்பதில்லை, பயப்படாதே.

இந்த ஆடிக்காற்றில் வலி கொஞ்சம் அதிகம்தான், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. மாத்திரை போதாமல் போனால் ஆப்பரேஷன் இருக்கிறது. காதுக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து, குழாயை நகர்த்தி, நடுவில் டெஃப்லான் பஞ்சு வைப்பார்கள். டெஃப்லான்! நாம் பைப் மரையில் சுற்றுகிறோமே அந்த ஜாதி. பத்து வருஷம் கழித்தும் பத்தில் ஏழு பேர் சுகமாக இருக்கிறார்களாம். காது கேட்பது குறையலாம், முகம் மரத்துப் போகலாம், அபூர்வமாகப் பெரிய ஆபத்தும் உண்டு என்று அதையும் மறைக்காமல் சொன்னார்கள். திறக்காமல் ஊசி வழியாக நரம்பைச் சுடுகிற முறையும் இருக்கிறது, அதில் கன்னம் மரத்துப் போவது அதிகம், சில வருஷத்தில் வலி திரும்பவும் வரலாம். எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அதுதான் ரிப்பேர், மற்றது ஃப்யூஸைப் பிடுங்குவது. ஆனால் தையில் நீ வந்த பிறகு, நீயும் கூட உட்கார்ந்து டாக்டரிடம் கேட்ட பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டேன்.

அதுவரை போனில் நான் "ம்" என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். நீ பேசு, நிறையப் பேசு. வீடியோவும் போடு, நான் வாயைத் திறக்க மாட்டேன், பார்த்துக்கொண்டு இருப்பேன். குழந்தையிடம் இப்போதே சொல்லிப் பழக்கு, தாத்தாவுக்கு முத்தம் என்றால் இடது கன்னம். எது இடது என்று அவளுக்கு இன்னும் தெரியாவிட்டால், அம்மை ஊசித் தழும்பு எந்தக் கையில் இருக்கிறதோ அந்தப் பக்கம் என்று சொல், என் தழும்பு இடது கையில்தான், பெரிசாகத் தெரியும்.

அப்பா