சிறிய பாலூட்டிகளுக்கும் அனுசரணையாளர் தேவை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிறந்தநாளுக்கும் பெற்றோரின் ஆண்டுத் திவசத்துக்கும் முதியோர் இல்லத்திலோ சிறுவர் இல்லத்திலோ ஒருநேரச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டும் நல்ல வழக்கம் கொழும்புத் தமிழரிடம் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு, விலங்குப் பராமரிப்பு நிலையங்களுக்கு வந்துசேரும் மரநாய், தேவாங்கு, அழுங்கு, அணில் போன்ற சிறிய பாலூட்டிகளுக்கும் போய்ச்சேர ஒழுங்கான ஒரு திட்டம் வேண்டும் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

யானைக்கு இந்தக் குறை இல்லை. 1995இல் உடவளவையில் தொடங்கப்பட்ட யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் இல்லத்தில், தாயை இழந்த குட்டிகளின் பராமரிப்புக்கு உதவும் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் நடைமுறையில் உள்ளது. பார்வையாளர்கள் குட்டியைத் தொட முடியாது. வளர்ந்தபின் அது காட்டில் விடப்படுகிறது. நான் கேட்பதும் இத்தகைய ஏற்பாட்டைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கூரையைத் திருத்தியபோது, சிங்கள அயலவர்கள் ‘உகுடுவா’ என்று சொல்லும் மரநாயின் குட்டிகள் இரண்டு சீலிங்கில் அகப்பட்டன. இரவில் தாய் வந்து தூக்கிச் செல்லட்டும் என்று விட்டிருக்க வேண்டும். நாங்களோ இரக்கப்பட்டுக் கீழே இறக்கி, பசுப்பாலைப் புட்டியில் ஊட்டினோம். வயிற்றோட்டம் கண்டு மூன்றாம் நாள் இரண்டும் இறந்தன. குளிர்ந்துபோன குட்டிக்கு முதலில் சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால், அதுவும் அதற்கேற்ற மாற்றுப்பால், சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை இரவிலும் ஊட்ட வேண்டும் என்று மிருக வைத்தியர் ஒருவர் பின்னர் சொல்லித்தான் அறிந்தோம். உருவம் சிறியதென்பதால் செலவும் சிறியது என்று எண்ணிவிட முடியாது. பாதிக்கும் மேற்பட்டது கண்விழிக்கும் ஆளின் சம்பளம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேவாங்கின் பாடு இன்னும் கடினமானது. மெலிந்த பிள்ளையைக் கேலிசெய்ய அதன் பெயரை எடுக்கும் நம்மில் எத்தனை பேர் அதைக் கண்டிருக்கிறோம்? கால் கிலோவும் தேறாத செந்தேவாங்கு, உலகில் வேறெங்கும் இல்லாமல் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் மட்டும் வாழ்கிறது. காடு துண்டுபட்டதால் மின்கம்பியில் ஏறிக் கருகுவதும் அபசகுனம் என்று அடிபடுவதும் அதற்கு நேர்கின்றன. காப்பாற்றி வைத்தாலும் வாழைப்பழம் கொடுத்துச் சமாளிக்க இயலாது. பூச்சிகளும் பல்லிகளும் வேண்டும். பல்லே இல்லாத அழுங்குக்கோ எறும்பும் கறையானுமே உணவு. 2016இல் அழுங்கு இனங்கள் அனைத்தின் சர்வதேச வர்த்தகத்தையும் தடைசெய்ய நாடுகள் தீர்மானித்தன என்றாலும், பறிமுதல் செய்யப்படும் ஓர் அழுங்கை அடுத்த நாள் யார் எதைக் கொண்டு ஊட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2018இல் சர்வதேச ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பின் சதுப்புகளில் மீன்பிடிப் பூனையும் இருக்கிறது. அதற்காக உண்டியல் வைத்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

வெளிநாட்டுச் சரணாலயங்கள் பலவற்றில் அனுசரணையாளருக்குச் சான்றிதழும் படமும் அனுப்புகிறார்கள். இங்கே ஒரு விலங்கை ஒருவர் பெயரில் எழுதிவைப்பதை நான் விரும்பவில்லை. ‘என் தேவாங்கு எங்கே’ என்று ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வந்து நிற்பவருக்காக, குணமடைந்த விலங்கையும் கூட்டில் வைத்திருக்க நேரிடும். ஓர் இனத்தின் ஒருநாள் உணவு, ஒரு கூட்டின் ஒருமாதச் செலவு என்று விலை குறித்தால் போதுமானது. இரவு விலங்குகளை மடியில் வைத்துப் படம் எடுக்க அறவே இடமளிக்கக் கூடாது. பற்றுச்சீட்டும், எத்தனை விலங்குகள் வந்தன, எத்தனை விடுவிக்கப்பட்டன, எத்தனை இறந்தன என்ற கணக்கும் மூன்று மொழிகளிலும் வெளிவர வேண்டும். இறந்தவற்றை மறைக்காத கணக்கையே நான் நம்புவேன்.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை நிர்வகிக்கும் திணைக்களமும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் இதைக் கூடிப் பேசலாம். வரும் ஆவணியில் என் தாயாரின் திவசம். அன்றைய செலவில் ஒரு பங்கை மரநாய்க் குட்டிகளின் பாலுக்கென ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதை எங்கே கட்டுவது என்று பொறுப்பானவர்கள் அறிவிப்பார்களா?

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.