அந்த மனுவை நீ பிரித்துப் பார்க்கவில்லை

அன்புள்ள தம்பி,

பதவியேற்ற பிறகு நீ நடத்திய முதல் மக்கள் சந்திப்புக்கு வந்திருந்தேன். கூட்டத்தில் நான் இருந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். நன்றாகவே பேசினாய், கைதட்டல் ஓய நேரமானது. சரி, அது இருக்கட்டும். அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

வயதான அம்மா ஒருவர் வரிசையில் நின்று உன்னிடம் மனு கொடுத்தார். நாலாக மடித்து, நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்த தாள். நீ சிரித்த முகமாக வாங்கினாய், பிரிக்காமலே உதவியாளரிடம் நீட்டினாய், போட்டோவுக்குத் திரும்பிவிட்டாய். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். காலிப் பையைக் கையில் சுருட்டியபடி நகர்ந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜனங்களைக் கவர நல்ல பேச்சு போதும் என்று உன்னைச் சுற்றி இருப்பவர்கள் சொல்வார்கள். பேச்சால் மனசைத் தொட்டவர்கள் உண்டுதான். 1933 மார்ச் 12 இரவு, அமெரிக்காவில் வங்கிகளெல்லாம் மூடிக் கிடந்தபோது, அதிபர் ரூஸ்வெல்ட் ரேடியோவில் பேசினார். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே விடுகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது என்று, கணக்கு வழக்கு தெரியாதவருக்கும் விளங்குகிற மாதிரி சொன்னார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியதும், எடுத்த பணத்தைத் திரும்பப் போட ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் எந்த இடத்தில் பயந்து நின்றார்களோ, அங்கிருந்தே அவர் பேச்சைத் தொடங்கியிருந்தார். அந்த இடம் தெரியாமல் அப்படிப் பேச வராது தம்பி.

லிங்கன் உள்நாட்டுப் போரின் நடுவிலும் மனுவோடு வருகிறவர்களைத் தானே பார்த்தார். நேரம் வீணாகிறது என்று செயலாளர்கள் தடுத்துப் பார்த்தும் அவர் விடவில்லை. 'மக்கள் கருத்துக் குளியல்' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்.

உனக்கும் நேரமில்லை, தெரியும். நூறு மனு வந்தால் பத்தையாவது நீயே பிரி. இரண்டு வரி படித்துவிட்டு, "எத்தனை நாளாக இப்படி?" என்று கேள். உதவியாளர் எழுதித் தரும் சுருக்கத்தில் பிரச்சினை இருக்கும். மனு கொடுத்தவர் எத்தனை முறை அலைந்தார், யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பது இருக்காது. உன் கீழே வேலை பார்ப்பவர்கள் உன் காதுக்கு வராமல் பார்த்துக்கொள்வதும் அதைத்தான்.

அந்த அம்மாவின் மனு உன் அலுவலகத்தில் எங்கேயாவது கிடக்கும். இந்த வாரமே தேடி எடுத்துப் படி. முகவரி அதில் எழுதியிருப்பார்.

அன்புடன்,
அண்ணன்