கேட்டுக்கு வெளியே நிற்பது ஓய்வு அல்ல

சரக்கு அனுப்புகிறவர்களுக்கும், இறக்கிக்கொள்கிறவர்களுக்கும், கிடங்கு மேலாளர்களுக்கும் ஒரு லாரி டிரைவர் எழுதிக்கொள்வது.

வணக்கம். 23 வருடமாக நெடுந்தூர லாரி ஓட்டுகிறேன். உங்களில் பலருடைய கேட்டுக்கு வந்திருக்கிறேன். என் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வண்டி எண்ணும் பில்லில் என் கையெழுத்தும் மட்டும் உங்கள் மேசைக்கு வந்திருக்கும்.

போன முறை உடம்பைக் காட்டப் போனபோது ரத்த அழுத்தம் கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். சர்க்கரையும் எல்லையில் நிற்கிறதாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள், ஏழு மணி நேரமாவது தூங்குங்கள் என்றார். நான்கும் சரியான பேச்சுதான். வீட்டுக்கு வந்து யோசித்தேன். இதில் எது என் கையில் இருக்கிறது? நான் எப்போது வந்து சேர வேண்டும், எத்தனை மணி நேரம் வெளியே நிற்க வேண்டும், உள்ளே வந்தால் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இதை டாக்டருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு முன்னால் 14 வண்டிகள். டோக்கன் கிடையாது, வரிசைதான் டோக்கன். இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி உள்ளே போகும். உடனே பின்னாலிருந்து ஆரன் அடிப்பார்கள். எழுந்து, இருட்டில் செருப்பைத் துழாவி, சாவியைத் திருப்பி, ஒரு வண்டி நீளம் நகர்த்தி, கை பிரேக்கைப் போட்டுவிட்டு மறுபடியும் சாய வேண்டும். கண் சொருகும் நேரத்துக்கு அடுத்த ஆரன். அசந்து தூங்கிவிட்டால் பக்கவாட்டிலிருந்து இன்னொரு வண்டி நுழைந்துவிடும். அதற்குப் பயந்தே பாதிப் பேர் எஞ்சினை அணைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-ல் உறுதியாக அறிவித்துவிட்டது. அந்தப் புகையில்தான் வரிசை முழுக்கப் படுத்திருக்கிறோம்.

நாலு மணிக்கு முன்பாக உள்ளே போனேன். லோடு இறங்கியதும், 'வண்டியை வெளியே எடு, இங்கே நிற்கக் கூடாது' என்றார்கள். வெளியே எடுத்தேன். எட்டு மணிக்கு வேறோர் இடத்தில் லோடு ஏற்ற வேண்டும். மறுநாள் முதலாளியிடம் பேசும்போது, 'ஐந்து மணி நேரம் வண்டி நின்றதே, நன்றாகத் தூங்கியிருப்பாயே' என்றார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. நின்ற வண்டியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

தூக்கத்தைத் துண்டு துண்டாகக் கூட்டிக் கணக்குப் போட முடியாது. மேலோட்டமான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவு என்று ஒரு சுற்று முடியவே ஏறக்குறைய 90 நிமிடம் வேண்டும். இருபது நிமிடத்துக்கொரு முறை எழுப்பினால் அந்தச் சுற்று ஒரு தடவைகூட முடியாது. 1997-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரைப் போலக் கவனம் தடுமாறுகிறது என்று காட்டியது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் குற்றம். அதுவும் விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள் உடம்பு தானாகவே சோர்ந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நாலு விநாடி கண் அயர்ந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர், ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆளே இல்லாத மாதிரி. அந்த 90 மீட்டருக்குள் உங்கள் வீட்டுப் பிள்ளை சைக்கிளில் போய்க்கொண்டிருக்கலாம்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1979-லேயே 153-ஆம் உடன்படிக்கையில் எழுதி வைத்துவிட்டது: நாலு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் இடைவேளை, ஒரு நாளில் ஓட்டுவது 9 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, தினமும் தொடர்ச்சியாக 10 மணி நேர ஓய்வு. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வண்டிக்கும் சரக்குக்கும் பாதுகாப்பு செய்துவிட்டால், ஓய்வு நேரத்தில் டிரைவர் வண்டிக்குள்ளோ வண்டிப் பக்கத்திலோதான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. லோடுக்குக் காவல் இருப்பதும் வேலைதான் என்று யாரோ புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். என் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பாட்டில்கள் இருக்கும். ஒன்று குடிக்க. இன்னொன்றுக்கு மூடியில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன், இருட்டில் மாறிப்போகக் கூடாது என்று. உங்கள் கழிப்பறை கேட்டிலிருந்து நாற்பதடி தூரத்தில் இருக்கிறது, 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று போர்டு போட்டு. அதனால் என்ன செய்கிறோம்? வந்து சேர மூன்று மணி நேரம் இருக்கும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். சிறுநீர் கெட்டியாகி, அடக்கி அடக்கி, கடைசியில் சிறுநீரகக் கல்லிலோ தொற்றிலோ போய் நிற்கிறது. எனக்கு இரண்டு முறை கல் வந்துவிட்டது. வலி வந்தபோது ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரமாக நிறுத்தினேன். பெண் டிரைவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

எங்கள் கூட்டத்தில் இன்சுலின் போடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடும். ஒரு நாள் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். அவர் குடித்திருக்கிறார் என்று காவலாளி நினைத்துவிட்டார். யாரோ ஒருவர் கொடுத்த இனிப்பு அவரைக் காப்பாற்றியது. சாப்பிட்டுவிட்டு வரும்வரை இடம் போகாது என்று இருந்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

உட்கார்ந்தே இருப்பதன் தீமையைப் பற்றி இன்றைக்குத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-லேயே லண்டன் மாடிப் பேருந்துகளை வைத்துக் காட்டிவிட்டாராம். ஒரே பேருந்து, ஒரே தெரு. ஆனால் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு மாரடைப்பு அதிகம். சரி, எங்கள் பங்கை நாங்கள் செய்கிறோம். வண்டியைச் சுற்றிப் பத்து நடை நடக்கிறேன். டயரைத் தட்டிப் பார்க்கும் சாக்கில் குனிந்து நிமிர்கிறேன். கேபினிலிருந்து குதிப்பதில்லை, இரண்டு கையும் ஒரு காலும் பிடிப்பில் இருந்தால்தான் அடுத்த காலை எடுக்கிறேன். தூக்கம் தள்ளினால் ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுக்கிறேன், எழும்போது காபி வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். ஆனால் அது அவசரத்துக்குத்தான், ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது. அப்புறம், மணிக்கணக்கில் அதிர்ந்துகொண்டே வந்த முதுகோடு இறங்கிய உடனே கனத்தைத் தூக்கினால் முதுகுத் தட்டு விலகும் ஆபத்து கூடுதல். உங்கள் ஆள் வண்டி நம்பரைக் கூப்பிட்ட உடனே ஓடிவந்து தார்ப்பாயை இழு என்கிறார். அஞ்சு நிமிடம் கொடுங்கள் என்று கேட்டால் சோம்பேறி என்கிறார்.

நான் கேட்பது இவ்வளவுதான். வந்ததும் கையில் ஒரு நம்பரைக் கொடுங்கள், முறை வரும்போது போன் அடியுங்கள். அதுவரை நாங்கள் படுத்திருக்கவோ சாப்பிடவோ நடக்கவோ முடியும். வரிசை நகர்ந்தாலும் வண்டி நகர வேண்டாம். வந்து சேர வேண்டிய நேரத்தை நாலு மணி என்று ஒரு புள்ளியாகக் குறிக்காமல், நாலிலிருந்து எட்டுக்குள் என்று குறியுங்கள். லோடு இறங்கியபின் இடம் இருந்தால் விடியும்வரை உள்ளேயே நிற்க விடுங்கள். காத்திருக்கும் நேரத்தை வேலை நேரமாக எழுதுங்கள்.

இதற்கெல்லாம் யோசிக்க நாளாகும் என்றால், கழிப்பறைக் கதவை மட்டும் முதலில் திறந்துவிடுங்கள். அதற்குக் கூட்டம் போட வேண்டியதில்லை. சாவி காவலாளியிடம்தான் இருக்கிறது, இன்றைக்கு ராத்திரியே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கும் ஒரு டிரைவர்