பிரிட்டன் மாணவர் விசா: அட்டை இல்லை, கணக்கின் சாவி யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நம் வீடுகளில் பேச்செல்லாம் வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எத்தனை பேண்ட் வேண்டும் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. கைரேகை, புகைப்படம், அடையாள ஆவணம் ஆகியவற்றை 'ஒரு நாள் சென்னைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வரும் வேலை' என்று ஏஜென்டிடம் விட்டுவிடுகிறோம். பிரிட்டன் போகும் மாணவர்களைப் பொறுத்தவரை, அண்மையில் தலைகீழாக மாறியிருப்பது இந்தப் பகுதிதான். மாணவர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

2008 நவம்பரில் தொடங்கி பிரிட்டன் அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு பிஆர்பி எனப்படும் பயோமெட்ரிக் அட்டையைக் கொடுத்துவந்தது. பிற்காலத்தில் இங்கிருந்து போனவர்கள் பாஸ்போர்ட்டில் 90 நாள் செல்லும் விசா ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு விமானம் ஏறினார்கள். அங்கே இறங்கியதும் தபால் நிலையத்திலோ பல்கலைக்கழகத்திலோ அட்டையை வாங்கிக்கொண்டார்கள். முகம், விசா முடியும் நாள், வேலை பார்க்கலாமா கூடாதா என்பதெல்லாம் அந்த அட்டையில் இருக்கும். 2024 அக்டோபர் 31-உடன் புதிய அட்டை வழங்குவது நின்றது. 2025 ஜூலை 15 முதல், மாணவர் விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் முதன்மை விண்ணப்பதாரருக்குப் பெரும்பாலும் ஸ்டிக்கரும் கிடையாது. பாஸ்போர்ட் வெறுமையாகத் திரும்பி வருகிறது. 'ஒன்றுமே ஒட்டவில்லையே, விசா கிடைக்கவில்லையோ' என்று பெற்றோர் பதறுகிறார்கள். விசா இருக்கிறது; அது பிரிட்டன் உள்துறையின் இணையப் பதிவில் இருக்கிறது. இதைத்தான் இ-விசா என்கிறார்கள்.

இந்தப் பதிவைத் திறக்க, உள்துறையின் விசாப் பிரிவான யுகேவிஐயின் இணையக் கணக்கு வேண்டும். உள்ளே நுழைய பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் கொடுக்க வேண்டும். பிறகு, பதிந்துவைத்த மின்னஞ்சலுக்கோ கைபேசிக்கோ ஒரு குறியீட்டு எண் வரும். அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். அந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் யாருடையவை என்பதுதான் இன்று மாணவரின் விசாவைவிடப் பெரிய கேள்வி.

கன்சல்டன்சிகளில் பெரும்பாலும் நடப்பது இது. ஐம்பது மாணவர்களுக்கு விண்ணப்பம் போடும் ஊழியர், வசதிக்காக அலுவலக மின்னஞ்சலையே எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார். கைபேசி எண்ணும் அலுவலக எண்ணாகவே இருக்கும். அட்டை இருந்த காலத்தில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. அட்டை மாணவரின் பையில் இருந்தது. இப்போது மாணவர் லெஸ்டரிலோ கிளாஸ்கோவிலோ வேலைக்குச் சேரப் போகிறார், குறியீட்டு எண் தஞ்சாவூரில் ஒரு மேசைக்கு வருகிறது. இங்கே இரவு பத்து மணி, அலுவலகம் பூட்டிக்கிடக்கிறது. அந்த ஊழியர் வேலையை விட்டே போயிருக்கலாம். பணப் பாக்கி என்று சொல்லி எண்ணைத் தர மறுத்தால் மாணவர் என்ன செய்வார்? கணக்கை மீட்க வழி உண்டு, ஆனால் அடையாளத்தை மறுபடி நிரூபிக்க வேண்டும், நாள் பிடிக்கும்.

ஆகவே விண்ணப்பம் போடும் அன்றே மாணவர் பக்கத்தில் உட்கார வேண்டும். படிவத்தில் கொடுக்கும் மின்னஞ்சல் யாருடையது என்ற கேள்வியே இருக்கிறது. 'என்னுடையது' என்று உண்மையாகச் சொல்லும்படியான முகவரியைக் கொடுங்கள். கல்லூரி கொடுத்த முகவரி வேண்டாம், படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள். இந்தியக் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தால், அங்கே போய்ப் புது சிம் வாங்கிய கையோடு பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். ரீசார்ஜ் செய்யாத எண் சில மாதங்களில் செயலிழந்து, வேறொருவருக்குப் போய்விடும். அதற்குமுன் கணக்கில் புது எண்ணைப் பதிந்துவிட வேண்டும்.

இ-விசாவைப் பிறருக்குக் காட்ட ஸ்கிரீன்ஷாட் போதாது. கணக்கிலிருந்து 'ஷேர் கோடு' என்ற பகிர்வுக் குறியீட்டை எடுக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்பது குறிகள் கொண்டது அது. 90 நாள் செல்லும். வேலை கொடுப்பவருக்கான கோடு டபிள்யூவில் தொடங்கும், இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளருக்கானது ஆரில், மற்றவற்றுக்கானது எஸ்ஸில். வேலைக்கு எஸ் கோடு கொடுத்தால் நிறுவனம் ஏற்காது. கோடுடன் பிறந்த தேதியையும் கொடுத்தால் அவர்களே இணையத்தில் சரிபார்ப்பார்கள். பட்டப்படிப்பு மாணவருக்குப் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேர வேலை என்ற வரம்பும் அங்கே தெரியும்.

விசா வந்ததும் கணக்கைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்: பெயர், பிறந்த தேதி, நாடு, விசா தொடங்கும் நாள், முடியும் நாள், புகைப்படம். தவறு இருந்தால் பிழை தெரிவிப்பதற்கென்றே அரசின் இணையப் படிவம் இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். 2024 அக்டோபர் வரை அட்டை வாங்கிய மாணவர்கள் காலாவதியான பழைய அட்டையைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பது நல்லது. பிற்கால விண்ணப்பங்களுக்கு அது உதவலாம்.

பாஸ்போர்ட்டுக்கும் இ-விசாவுக்கும் உள்ள பிணைப்பு மிக முக்கியம். விமான நிலையத்தில் ஊழியர் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யும்போது, இந்த எண்ணுக்கு அனுமதி இருக்கிறதா என்றுதான் பார்க்கப்படுகிறது. விசா கிடைத்த பிறகு பாஸ்போர்ட் தொலைந்தோ, பெயர் திருத்தம் என்றோ புதுப் பாஸ்போர்ட் வாங்கினால் எண் மாறிவிடும். கணக்கில் புது எண்ணைச் சேர்க்காவிட்டால் செல்லுபடியாகும் விசா இருந்தும் கவுன்டரில் 'அனுமதி தெரியவில்லை' என்று நிற்க வேண்டிவரும். புது எண்ணைச் சேர்த்ததும் உடனே ஏறிவிடும் என்றும் நம்ப வேண்டாம். பயணத்துக்குப் பல நாள் முன்பே செய்துவிடுங்கள், பழைய பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள்.

இனி கைரேகைக்கு வருகிறேன். 'ஆதாருக்குத்தான் கொடுத்தாச்சே' என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆதாருக்குக் கொடுத்த ரேகை வேறு, இது வேறு. ஒன்று மற்றொன்றுக்கு உதவாது. விசா விண்ணப்ப மையத்தில் அடையாள ஆவணம் என்றால் அசல் பாஸ்போர்ட்தான், ஆதார் அட்டை அல்ல.

மையத்தில் பத்து விரல்களும் பதியப்படும்: ஒரு கையின் நான்கு விரல்களைச் சேர்த்து ஸ்கேனர் கண்ணாடியில் வைக்க வேண்டும், பிறகு மறுகையின் நான்கு, கடைசியில் இரண்டு பெருவிரல்கள். விரல்கள் தட்டையாக, ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். பதற்றத்தில் அழுத்தி வைத்தால் ரேகைக் கோடுகள் நசுங்கி ஒன்றாகிவிடும், மெல்லத் தொட்டால் பாதிதான் விழும். நுனியை மட்டும் வைப்பது இன்னொரு தவறு. விரலின் முதல் கணு முழுதும் படிய வேண்டும்.

ரேகை பதியாமல் போவதற்கு நம் ஊரில் இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று மருதாணி. ஆடி மாதம் பெண்பிள்ளைகள் விரல் நுனிக்குத் தொப்பி போல மருதாணி வைப்பது நம் வழக்கம். செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்குக் கைரேகை கொடுப்பதும் பெரும்பாலும் அதே ஆடியிலும் ஆவணியிலும்தான். விரல் நுனியில் மருதாணி, வெட்டுக்காயம், பிளாஸ்திரி எதுவும் இல்லாமல் வரச் சொல்வது மையங்களின் விதி. கருஞ்சிவப்புப் பூச்சு ரேகையின் மேடு பள்ளத்தை மறைத்துவிடும். சாயம் போக இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அந்த ஒரு மாதம் உள்ளங்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விரல் நுனி வேண்டாம். மற்றொன்று வறண்ட, தேய்ந்த தோல். சிமென்ட், சுண்ணாம்பு, சலவைத்தூள் இவற்றில் புழங்கிய கைகளில் கோடுகள் மழுங்கியிருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவிவாருங்கள். அன்று காலை எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். வரிசையில் நிற்கும்போது சானிடைசர் போடாதீர்கள், அது தோலை இன்னும் வறட்டிவிடும். தற்காலிகக் காயம் என்றால் ஆறிய பின் வரச் சொல்வார்கள். பிறவியிலோ விபத்திலோ விரல் இல்லாதவர் கவலைப்பட வேண்டாம். இருக்கும் விரல்களை மட்டும் பதிவார்கள்.

முன்பு சுற்றுலா விசாவுக்குக் கொடுத்த ரேகையே போதும் என்ற நினைப்பு கனடாவிலிருந்து வந்தது. அங்கே 85 கனேடிய டாலர் கட்டி ஒருமுறை கொடுத்த ரேகை பத்து ஆண்டு செல்லும். பிரிட்டனுக்கு இங்கிருந்து புதிதாக விண்ணப்பித்தால் மறுபடியும் மையத்துக்குப் போகத் தயாராக இருங்கள். அமெரிக்க விசாவுக்குப் பொதுவாக இரண்டு அப்பாயின்ட்மென்ட்: ரேகைக்கும் புகைப்படத்துக்கும் மையத்தில் ஒன்று, நேர்காணலுக்குத் துணைத் தூதரகத்தில் மற்றொன்று. ஜெர்மனியில் அட்டை இன்னும் இருக்கிறது. இங்கே விசாவுக்கு ரேகை கொடுத்தாலும், அங்கே குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிந்து, பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் இரு ஆள்காட்டி விரல் ரேகையும் கொடுத்துத்தான் அட்டை வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பெயர். தமிழர்களுக்கே உரிய சிக்கல் இது. பள்ளிச் சான்றிதழில் மு. கவிதா என்று இருக்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேம் (குடும்பப் பெயர்) கட்டத்தை வெறுமையாக விட்டு, கிவன் நேம் (சொந்தப் பெயர்) கட்டத்தில் 'கவிதா முருகேசன்' என்று முழுவதையும் போட்டுவிடுவார்கள். இது இந்தியாவில் எந்தத் தொந்தரவும் தராது. அமெரிக்க விசா படிவத்திலோ சர்நேம் கட்டம் காலியாக இருக்க முடியாது. முழுப் பெயரும் அங்கே போகும், கிவன் நேம் கட்டத்தில் 'எஃப்என்யு' என்று போடச் சொல்கிறார்கள். 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்குத் தரும் ஐ-20 படிவத்தில் அதே இடம் வெறுமையாக இருக்கும். இரண்டும் வெவ்வேறாக இருப்பதால் தவறு என்று அர்த்தமில்லை, இரண்டு அமைப்புகளின் விதி அப்படி. ஆனால் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று போகும் இடமெல்லாம் 'எஃப்என்யு' ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்க வேண்டியிருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், வெளிநாட்டுப் படிப்பு என்ற எண்ணம் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டை முதலிலேயே திருத்திக்கொள்ள வேண்டும்: கிவன் நேம் கவிதா, சர்நேம் முருகேசன். வகுப்பில் அந்தப் பெண்ணை 'மிஸ் முருகேசன்' என்று அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம், பெயரே தெரியாதவர் என்று ஆவணத்தில் இருப்பதைவிட மேல். திருத்தம் என்பது பாஸ்போர்ட் மறுவழங்கல்தான். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. காவல்துறை சரிபார்ப்பு மறுபடி வரலாம் என்பதால் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை தப்பினால்தான் பணமும் நேரமும் வீணாகும். பாஸ்போர்ட் திருத்தம் முதலில், பல்கலைக்கழக விண்ணப்பம் பிறகு. ஏனெனில் மாணவரைச் சேர்த்துக்கொண்டதை உறுதிசெய்து பிரிட்டன் பல்கலைக்கழகம் வழங்கும் சிஏஎஸ் எண்ணுக்குப் பின்னால் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். சிஏஎஸ் வந்த பின் பாஸ்போர்ட் மாறினால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, சிஏஎஸ் பதிவில் திருத்தக் குறிப்பு சேர்க்கச் சொல்லுங்கள். விசா கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டு ஆனது. அங்குள்ள அரசு மருத்துவ வசதிக்கான கூடுதல் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. இவ்வளவு கட்டிய பிறகு ஒரு எழுத்துக்காக அலைவது யாருக்கும் வேண்டாம்.

சிப் பதித்த இ-பாஸ்போர்ட் சென்னையிலும் 2025 முதல் வழங்கப்படுகிறது. சிப் இருப்பதால் கைபேசிச் செயலியிலேயே எல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால், படிவம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மையத்துக்கு வரச் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும். சிப் இல்லாத பழைய பாஸ்போர்ட்டும் அதிலுள்ள தேதிவரை செல்லும். இதற்காக மட்டும் மாற்றத் தேவையில்லை.

ஐயா, கல்லூரிகளின் வேலைவாய்ப்பு மையங்கள் இறுதியாண்டு தொடங்கும்போதே மாணவர்களின் பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லி, பெயர்க் கட்டங்களை ஒருமுறை பார்த்துக் கொடுக்கலாம். அரை நாள் வேலை. கன்சல்டன்சிகள் மாணவரின் சொந்த மின்னஞ்சலில் மட்டுமே விண்ணப்பிப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் கட்டும் முன் பெற்றோர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் கல்விப் பக்கத்திலும் இந்த விவரங்களை ஆடி பிறப்பதற்கு முன் ஒருமுறை வெளியிட்டால், செப்டம்பரில் விமானம் ஏறப்போகும் பிள்ளைகளுக்கு நேரத்தோடு போய்ச் சேரும்.

இப்படிக்கு,
மாணவர் விசா ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வாசகர்,
திருச்சி